ஐந்தாவது மதகு

வெள்ளிவிழா மலருக்கு நம் போட்டியின் வரலாற்றை எழுதித் தாருங்கள், நான்கு பக்கத்துக்கு மிகாமல் இருக்கட்டும் என்று குழுவில் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, கடைசிப் பக்கத்தை மட்டும் எடுத்துவிடலாமா டீச்சர் என்றார்கள். முடியாது என்றேன். அதனால் இப்போது பக்கக் கட்டுப்பாடு இல்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

என் பெயர் காந்திமதி. அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. 2001-இல் திண்டிவனத்தில் மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து மாணவர் சுற்றுச்சூழல் அறிவுப் போட்டியைத் தொடங்கினோம். அந்த மூவரில் ஒருவர் காலமாகிவிட்டார். ஒருவர் மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். மிச்சம் நான். முதல் வருடம் ஏழு பள்ளிகள். இன்றைக்கு விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் நூற்றுப் பத்து.

முதல் வருடம் எங்கள் கேள்விகள் எல்லாம் புத்தகத்திலிருந்து சுட்டவை. அமேசான் காட்டைப் பற்றிப் புட்டுப் புட்டு வைத்த ஒரு பையனிடம், உங்கள் ஊர் ஏரி நிரம்பினால் தண்ணீர் எங்கே போகும் என்று சும்மா கேட்டேன். திருதிருவென்று விழித்தான். எனக்கு வந்த கோபத்தில், அடுத்த வருடத்திலிருந்து கடைசிச் சுற்று முழுக்க உள்ளூர்க் கேள்விதான் என்று மாற்றினேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதில் இந்தப் போட்டிக்குப் பாதி நன்மை நடந்திருக்கிறது.

அந்த இரண்டாவது வருடமே தகராறு. திருவக்கரைக்குப் போகும் வழியில் ஒரு குளத்தங்கரை மரம். அது இலுப்பை என்று ஒரு அணி, புன்னை என்று இன்னொரு அணி. ஆசிரியர்கள் மைக்கைப் பிடுங்கிக்கொள்ளாத குறை. "எதுக்கு இவ்ளோ பேஜாரு, போயி பாத்துடலாம் வாங்க" என்று எல்லோரையும் டவுன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் அது மகிழ மரம். இரண்டு அணிக்கும் பூஜ்யம். பஸ்ஸில் திரும்பி வரும்போது பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கே விதிகளில் ஏழாவதாக ஒன்றைச் சேர்த்தேன். உள்ளூர்க் கேள்வியில் ஐயம் எழுந்தால் நடுவர்களும் இரு அணிகளும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகே மதிப்பெண்.

இத்தனை வருடத்தில் நான்கு முறை அப்படிப் போயிருக்கிறோம். விக்கிரவாண்டிப் பக்கம் சாலையோரப் புளியமரங்களை வெயிலில் நின்று எண்ணியிருக்கிறோம். வல்லத்துக்கு அந்தப்புறம் ஒரு கிணற்றுக்குக் கயிறு விட்டு ஆழம் பார்த்திருக்கிறோம். வேறெந்தப் போட்டியிலும் இந்த வழக்கம் இல்லை. எனக்கு இதில் பெருமை உண்டு. கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

இனி என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இருபத்தாறு வருடம் வாடகை வீடு. போன வருடம்தான் வேலந்தாங்கல் ஏரிக்குப் பக்கத்தில் சொந்தமாக ஒரு வீடு கட்டிக் குடி போனோம். விழுப்புரம் சாலையிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர். ஏரிக்கரையின் கடைக்கோடியைச் சமன் செய்து, அதற்குக் கீழே இருந்த நன்செய்யையும் சேர்த்து மனை போட்டு விற்றார்கள். காகிதமெல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னார்கள். நானும் என் கணவர் கிருஷ்ணசாமியும் துருவிக் கேட்கவில்லை. கேட்டால் வேறு பதில் வந்துவிடுமோ என்ற பயம்தான் காரணம்.

அஸ்திவாரம் தோண்டிய மூன்றாம் நாள் மேஸ்திரி பச்சைமுத்து என்னைக் கூப்பிட்டார். "அம்மா, இத கொஞ்சம் பாத்துட்டு போங்க." குழிக்குள் இரண்டு கருங்கல் தூண்கள் நின்றன. நடுவில் ஒரு பலகைக் கல், அதில் வட்டமாக ஒரு துளை. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. மதகு. அடைப்புக் கட்டையைத் தூக்கினால் அந்தத் துளை வழியாகத்தான் ஏரித் தண்ணீர் வயலுக்கு இறங்கும். எத்தனையோ பிள்ளைகளுக்கு இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியவள் நான். கலவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கிருஷ்ணசாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூடிடுங்க" என்றேன். அந்த ஒரே சொல். அதற்கு மேல் சமையலறை நிற்கிறது.

இந்த வருட இறுதிப் போட்டிக்கு உள்ளூர்க் கேள்விகளைத் தயாரித்தவர் நெடுஞ்செழியன். திண்டிவனத்தில் புவியியல் ஆசிரியர், இன்னொரு நடுவர், நல்ல மனிதர். உறையில் வைத்து ஒட்டுவதற்கு முன் எனக்குக் காட்டினார். பன்னிரண்டாவது கேள்வி: வேலந்தாங்கல் ஏரிக்கு மதகுகள் எத்தனை? விடை: நான்கு. போன மாதம் கரை முழுக்க நடந்து எண்ணினாராம். போட்டோ வேறு எடுத்திருந்தார். இந்தக் கேள்வி வேண்டாம் சார் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார். நான் பச்சைப் பேனாவால் டிக் போட்டுக் கொடுத்தேன்.

திண்டிவனத்தில் மண்டபம் நிறைந்திருந்தது. கடைசிக்கு இரண்டு அணிகள். விழுப்புரத்துத் தனியார் பள்ளி ஒன்றிலிருந்து இரண்டு பையன்கள். பதில் சொல்பவன் கோகுலகிருஷ்ணன், மூன்று மாதமாகத் தயாராகி வந்தவன். இன்னொரு பக்கம் வல்லம் பக்கத்து அரசுப் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் இரண்டு பெண்கள். பதினொரு கேள்வி முடிந்தபோது இரண்டு அணியும் சமம். பன்னிரண்டாவது கேள்வியை வாசிக்க வேண்டியவள் நான். வாசித்தேன்.

மணியை முதலில் அழுத்தியது அந்தப் பெண்களில் ஒருத்தி, கலைமதி. ஒல்லியான உடம்பு, இறுகப் பின்னிய சடை. "அஞ்சு மிஸ்" என்றாள்.

"தவறு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கோகுலகிருஷ்ணன் "நாலு" என்றான். சரி என்றேன். கைதட்டல் எழுந்தது. அவன் நண்பன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கலைமதி உட்காரவில்லை.

"அஞ்சுதான் மிஸ்."

நெடுஞ்செழியன் மைக்கை வாங்கினார். "இல்லம்மா. நானே போன மாசம் கர மேல நடந்துக்கினே எண்ணிட்டு வந்தேன். நாலுதான்."

"ஏழாவது ரூல் இருக்குது சார்" என்றாள் அவள். "போயி பாக்கலாம் சார்."

மண்டபமே என்னைப் பார்த்தது. அந்த விதியை எழுதியவள் யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். "மணி மூணு ஆயிடுச்சேம்மா, பரிசு குடுக்க வந்தவங்க காத்துக்கினு இருக்காங்க" என்று இழுத்தேன். இப்படி ஒரு சாக்கை இதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் அவரை நான் நார் நாராகக் கிழித்திருப்பேன்.

"இன்னாங்க மேடம், நீங்களே இப்படி சொன்னா எப்படி" என்றார் நெடுஞ்செழியன். தன் எண்ணிக்கையில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. "அரமணி நேரந்தானே. ஜல்தியா போயிட்டு வந்துடலாம் வாங்க."

பள்ளி வேனில் நான்கு பிள்ளைகள், நடுவர்கள் நாங்கள் இருவர், பெண்களின் ஆசிரியை ஆரோக்கியசெல்வி. நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே வேன் பறந்தது. மெதுவாகப் போகக்கூடாதா, ஒரு டயர் பஞ்சராகக்கூடாதா என்று மனம் வேண்டியது. கலைமதி எனக்கு முன் இருக்கையில் இருந்தாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உனக்கு எப்படிம்மா தெரியும், அஞ்சுன்னு?"

"எங்க வீடு அந்த கர மேலதான் மிஸ் இருந்துச்சி. அஞ்சாவதுக்கு சின்னமதகுன்னு பேரு. அதுக்குக் கீழ இருந்த கழனிலதான் எங்கம்மா நடவுக்கு போவாங்க. நான் மதகுமேல உக்காந்துக்கினு இருப்பேன்." பிறகு சாதாரணமாகச் சொன்னாள். "அப்புறம் வீட்ட எடுத்துட்டாங்க. நான் மூணாவது படிக்கசொல்ல. இப்ப வல்லத்துல மாமா வீட்டாண்ட இருக்கோம்."

2019. எனக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும். வேலந்தாங்கல் ஏரி ஆக்கிரமிப்பை அகற்றுங்கள் என்று நம் போட்டி மாணவர்கள் ஆயிரத்து எழுநூறு பேரிடம் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தோம். மனுவை எழுதியது நான். கரை மேலிருந்த பதினொரு குடிசைகளை எடுத்தார்கள். பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. அந்தப் பதினொரு குடிசைகள் போனதால்தான் கரையின் அந்த முனை காலியானது. காலியான பிறகுதான் அதைச் சமன் செய்து மனை போட்டார்கள். அந்த மனையில் ஒன்றை நான் வாங்கினேன். இவ்வளவு நாள் இந்த இரண்டு செய்தியையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. இப்போது வேனில், அந்தச் சடைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். வெட்கமாக இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

கிருஷ்ணசாமியைப் போனில் கூப்பிட்டேன். "ஏரி பாக்க பசங்களோட வர்றோம். மதகு எண்ணணுமாம்."

அவர் மெதுவாகக் கேட்டார். "வீட்ட பூட்டிக்கினு எங்கியாவது போயிடட்டுமா?"

"வேணாங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

கரையில் இறங்கி நடந்தோம். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு மதகிலும் நெடுஞ்செழியன் நின்று பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நான்காவதைத் தாண்டியதும் கரை சரிந்து, தார் போட்ட தெருவாகிவிடுகிறது. "அவ்ளோதான்மா" என்றார். கலைமதி நிற்கவில்லை. தெருவில் இறங்கி நடந்தாள். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே போனாள். குழம்புகிறாள் என்று தெரிந்தது. அவளுக்குத் தெரிந்த எந்த அடையாளமும் அங்கே இல்லை. வெளிர் ரோஸ் நிறச் சுற்றுச்சுவர் ஒன்றின் முன்னால் போய் நின்றாள்.

"இங்கதான் மிஸ் இருந்துச்சி."

"மேடம், இது உங்க வீடாச்சே" என்றார் நெடுஞ்செழியன். புதுமனை புகுவிழாவுக்கு வந்து சாப்பிட்டவர் அவர். முகத்தில் எந்தச் சந்தேகமும் இல்லை. வேடிக்கையாக இருக்கிறதே என்று சிரித்தார்.

கோகுலகிருஷ்ணன் சுவரை ஒரு முறை பார்த்தான். "இங்க சுவருதான் சார் இருக்குது." கிண்டலாகச் சொல்லவில்லை. அவன் பார்த்தது அதைத்தான்.

"ரூல் படி பாத்தாதான் மார்க்கு" என்றார் நெடுஞ்செழியன். "என்ன டீச்சர், சரிதானே?" ஆரோக்கியசெல்வி தலையை மெல்ல ஆட்டினார். நானும் ஆட்டினேன். என் விதியே எனக்குக் கதவைத் திறந்துவிட்டுவிட்டது. பேசாமல் வேனில் ஏறிவிட்டால் போதும், அதோடு முடிந்தது.

கிருஷ்ணசாமி கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். கையில் தண்ணீர்ச் செம்பு. அவரால் பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்துப் பார்க்க முடியாது. எல்லோரும் குடித்தார்கள். கலைமதியின் கால் முழுக்கச் சேறு. "அங்கிள், கால் கழுவிக்கட்டுமா? பின்னாடி கொழா இருக்குதா?" என்றாள்.

"பின்னாடி போவாத" என்றேன். அதட்டலாகவே வந்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் பயந்துபோனாள். எல்லோரையும் வீணாகக் கூட்டி வந்ததற்குத்தான் அதட்டுகிறேன் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. செம்பைக் கீழே வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "சாரி மிஸ். நான் அப்ப சின்னப் பொண்ணு. நாலாவதுதான் மனசுல அஞ்சாவதுன்னு பதிஞ்சிருக்கும். எல்லாரையும் அலைய வச்சிட்டேன்." கூட வந்த பெண்ணின் பக்கம் திரும்பி, "எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுன்னு நெனச்சேன்" என்றாள். அவள் கண்களில் தண்ணீர் இல்லை. தன் ஞாபகத்தின் மேல் இருந்த நம்பிக்கைதான் போயிருந்தது.

தோற்றுப்போய் அழுதிருந்தால் ஒருவேளை நான் தாங்கியிருப்பேன். அந்த மதகின் மேல் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளையை, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று நம்ப வைத்தாயிற்று. இதற்கா இத்தனை வருடம் போய்ப் பார், போய்ப் பார் என்று தொண்டை வற்றக் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தது. இந்த முறை யார் மேல் என்று சொல்லத் தேவையில்லை.

"எல்லாரும் பின்னாடி வாங்க" என்றேன்.

"காந்தி" என்றார் கிருஷ்ணசாமி. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நின்றிருப்பேன்.

குழாயடியில் துணி துவைக்கும் கல். குழியில் இருந்ததில் அந்தத் துளைக் கல் மட்டும் பெயர்ந்து வந்துவிட்டது. நல்ல கல்லை வீணாக்க வேண்டாம் என்று பச்சைமுத்து அதைத் துவைக்கும் கல்லாகப் போட்டுக் கொடுத்தார். சோப்புத் தண்ணீர் அந்த வட்டத் துளையில் சுலபமாக இறங்கிவிடும். ஒரு வருடமாக அதில்தான் துவைக்கிறேன்.

கலைமதி குனிந்தாள். துளையின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினாள். "இதுலதான் மிஸ் கட்டைய சொருவுவாங்க" என்றாள். குரல் அவ்வளவு சின்னதாக இருந்தது.

நெடுஞ்செழியன் கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது எங்கேர்ந்து மேடம்?"

"இங்கேர்ந்துதான் சார். மிச்சமெல்லாம் கிச்சனுக்குக் கீழ இருக்குது. தோண்டுன அன்னிக்கே நான் பாத்தேன். மூடச் சொன்னதும் நான்தான்."

கிருஷ்ணசாமி சுவரில் சாய்ந்துகொண்டார். நெடுஞ்செழியன் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "மேடம், பசங்கள வேன்ல ஏத்திட்டு பேசலாம். ரெண்டு டீமுக்கும் சேத்து பரிசு குடுத்துடலாம். கேள்விய கேன்சல் பண்ணிட்டா யாருக்கும் பிரச்சன இல்ல." என் நன்மைக்குத்தான் சொன்னார். அது எனக்கு எவ்வளவு பிடித்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அரை நிமிடம் அந்த யோசனைக்குள் குடியே போய்விட்டேன்.

அதற்குள் கலைமதி எழுந்து வந்தாள். அவர் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது.

"நாலுன்னே போட்டுடுங்க மிஸ்."

"ஏம்மா?"

"அஞ்சுன்னு எழுதினா வீட்ட எடுக்க வருவாங்க மிஸ்."

கோகுலகிருஷ்ணன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். மூன்று மாதம் தயாரான பையன். தனக்குக் கிடைத்த மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் நெடுஞ்செழியனின் கையிலிருந்து மதிப்பெண் தாளை வாங்கினேன். அவர் எழுதியிருந்த நான்கை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினேன். பார்த்த இடம் என்று ஒரு கட்டம் உண்டு; ஏழாவது விதிக்காக நானே போட்ட கட்டம். அதில், வேலந்தாங்கல், மனை எண் பதினேழு, காந்திமதி வீடு, சமையலறைக்குக் கீழே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்துக் கோணலாக விழுந்தது. நெடுஞ்செழியன் தாளை வாங்கிப் படித்தார். பிறகு பேனாவைத் திறந்து தன் கையெழுத்தையும் போட்டார்.

வேனில் திரும்பினோம். ஜெயித்த பெண்கள் சிரிக்கவில்லை. விக்கிரவாண்டி தாண்டியதும் கலைமதி எழுந்து வந்து என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள்.

"எப்ப மிஸ் வருவாங்க?"

"யாரு?"

"ஜேசிபி எடுத்துக்கினு."

"தெரியலம்மா. மொதல்ல நோட்டீஸ் குடுப்பாங்க."

"எங்களுக்கு நோட்டீஸ் குடுத்தாங்க மிஸ். ஆனா இந்த நாளு வர்றோம்னு சொல்லல. காத்தால நாங்க ஸ்கூலுக்கு கெளம்பிக்கினு இருக்கசொல்லவே வந்துட்டாங்க." விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். "நீங்க இப்பவே ரேஷன் கார்டு, சர்ட்டிபிகேட்டு எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வாசலாண்ட வச்சிடுங்க மிஸ். அரிசியும் வச்சிடுங்க. எங்களுது எல்லாம் மண்ணுக்குள்ள போயிடுச்சி."

சரி என்றேன்.